இடதா, வலதா, நடுவா? உங்கள் அரசியல் நிலையை நீங்களே குறித்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

அரசியல் பேச்சில் புதிதாகக் கலந்துகொள்பவரிடம் சீக்கிரமே வந்துவிடும் கேள்வி, ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்பது. பலருக்கு உடனே பதில் வராது. வரி விஷயத்தில் இடதுசாரிகள் சொல்வது சரியாகப் படும். குற்றமும் தண்டனையும் என்று வந்தால் வலதுசாரிகள் சொல்வதில் நியாயம் தெரியும். மதம் பற்றிய பேச்சில் இருவருமே ஒத்துவர மாட்டார்கள். இப்படி இருப்பது குறை இல்லை, பெரும்பாலானவர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். ஃபிலிப் கான்வெர்ஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1950களின் வாக்காளர் ஆய்வுகளை வைத்து 1964இல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது. அரசியலைக் கோட்பாட்டு ரீதியாகக் கோத்துப் பார்ப்பவர்கள் மக்களில் மிகச் சிறிய பகுதிதான். மற்றவர்களுக்கு ஒரு விஷயத்தில் உள்ள கருத்துக்கும் இன்னொன்றில் உள்ள கருத்துக்கும் பெரிய தொடர்பு இருப்பதில்லை.

ஆனாலும் தன் நிலையைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் பயன் இருக்கிறது. வாக்களிக்கும்போது எதற்காக வாக்களிக்கிறோம் என்று தெரியும். எதிர்த்தரப்போடு பேசும்போது எங்கே பிரிகிறோம் என்று தெரியும். முக்கியமாக, வேறு யாரோ ஒட்டும் பட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்காது. ஒரு தாள், பேனா, தொந்தரவு இல்லாத ஒரு மாலைப்பொழுது போதும்.

முதல் படி: பட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பிரச்சினைகளை எழுதுங்கள்

‘நான் முற்போக்காளன்’, ‘நான் பழமைவாதி’ என்று தொடங்கினால் அந்தப் பட்டத்துக்குப் பொருந்தும் பதில்களைத்தான் மனம் தேடித் தரும். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பிரச்சினைகள் முதலில், பட்டம் கடைசியில். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து பிரச்சினைகள் வரை எழுதலாம். பணக்காரர்களுக்கு எவ்வளவு வரி, மருத்துவத்தை யார் நடத்துவது, பொதுத்துறை நிறுவனங்களை விற்கலாமா, தொழிற்சங்கங்களுக்கு எவ்வளவு வலு இருக்க வேண்டும், அரசும் மதமும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், கருக்கலைப்பு, தன்பாலினத் திருமணம், மரண தண்டனை, போலீசுக்கு எவ்வளவு அதிகாரம், அரசு கண்காணிப்பு, வெளிநாட்டிலிருந்து குடியேறுபவர்கள், ராணுவச் செலவு, சுற்றுச்சூழலா தொழில் வளர்ச்சியா, தலைநகருக்கு அதிக அதிகாரமா பிராந்தியங்களுக்கா. உங்களைத் தூங்கவிடாத பிரச்சினை இதில் இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியத்தில் உங்கள் கருத்து. பக்கத்தில் இரண்டு குறிப்புகள்: எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள், அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம். இவை இரண்டும் வேறு வேறு. மரண தண்டனை கூடாது என்பதில் ஒருவர் அசைக்க முடியாத உறுதியோடு இருக்கலாம், ஆனால் அதை வைத்து வாக்களிக்க மாட்டார். இரண்டு பேருக்கு எல்லாக் கருத்துகளும் ஒன்றாக இருந்து, எது முக்கியம் என்பதில் மட்டும் வேறுபட்டால்கூட அவர்கள் எதிரெதிர் கட்சிகளுக்கு வாக்களிக்க முடியும்.

‘தெரியவில்லை’ என்று எழுதத் தயங்காதீர்கள். ஆனால் ‘தெரியவில்லை’யையும் ‘நடுவில் நிற்கிறேன்’ என்பதையும் கலக்காதீர்கள். முதலாவது இன்னும் யோசிக்கவில்லை என்று சொல்வது. இரண்டாவது, இரு பக்கத்தையும் பார்த்துவிட்டு எடுத்த முடிவு.

இரண்டாம் படி: ஒவ்வொரு பதிலுக்கும் விலையைச் சேர்த்து எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நல்ல மருத்துவம், நல்ல கல்வி, குறைந்த வரி, குறைந்த கடன் என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. இவற்றில் எல்லாமே ஒன்றாகக் கிடைக்காது என்னும் இடத்தில்தான் ஒருவருடைய அரசியல் தெரிய ஆரம்பிக்கும்.

ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் ‘இதற்காக நான் எதை விட்டுக்கொடுப்பேன்?’ என்று எழுதுங்கள். அரசு மருத்துவமனைகள் எல்லோருக்கும் இலவசமாக வேண்டும் என்றால், அதற்காக என் வரி கூடினாலும் பரவாயில்லையா? வரி குறைய வேண்டும் என்றால், எந்தச் சேவையை நிறுத்தலாம் என்று பெயர் சொல்ல முடியுமா? கருத்துச் சுதந்திரம் வேண்டும் என்றால், எனக்கு அருவருப்பான ஒரு பேச்சை அரசு தடுக்காமல் விட்டாலும் ஏற்றுக்கொள்வேனா? குற்றங்கள் குறைய வேண்டும் என்றால், என் தொலைபேசியை போலீஸ் கவனிப்பதற்குச் சம்மதமா?

கடைசி இரண்டு கேள்விகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் சுதந்திரம், பிடிக்காதவர்களுக்கு மட்டும் கண்டிப்பு என்று இருந்தால் அதை ஒரு கொள்கை என்று சொல்ல முடியாது. கேள்வியில் இருக்கும் ஆளை மாற்றிப் பாருங்கள். ஆட்சியில் உங்களுக்குப் பிடிக்காத கட்சி இருந்தால் அதே அதிகாரத்தை அரசுக்குக் கொடுப்பீர்களா? பதில் மாறினால், மாறிய பதிலையும் தாளில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: கோடு எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1789இல் பிரான்சின் தேசிய சட்டமன்றத்தில், அரசருக்குச் சட்டங்களை நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டுமா என்ற விவாதம் நடந்தபோது, அரசரின் பக்கம் நின்றவர்கள் அவைத் தலைவரின் வலப்புறமும் எதிர்த்தவர்கள் இடப்புறமும் கூடி உட்கார்ந்தார்கள். இடது, வலது என்ற பிரிவு அங்கிருந்து வந்தது. பின்னர் தொழிற்சாலைகள் பெருகி, முதலாளி-தொழிலாளி மோதல் அரசியலின் நடுவுக்கு வந்தபோது, அதே கோடு பொருளாதாரத்தை அளக்கத் தொடங்கியது.

இந்த இரண்டையும் இணைக்கும் இழை எது என்பதற்கு இத்தாலியச் சிந்தனையாளர் நோர்பெர்ட்டோ பொப்பியோ 1994இல் ஒரு விடை கொடுத்தார்: சமத்துவம். மனிதர்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பகுதி சமூகம் உண்டாக்கியது, எனவே மாற்றக்கூடியது, மாற்ற வேண்டியது என்று நினைப்பவர் இடதுபக்கம் சாய்கிறார். ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பகுதி இயல்பானது, அல்லது அவற்றை அழிக்கப் போனால் அதைவிடப் பெரிய கேடு வரும் என்று நினைப்பவர் வலதுபக்கம் சாய்கிறார். எனக்குத் தெரிந்த விளக்கங்களில் இது உறுதியானது. ஏனென்றால் இதில் எந்தப் பக்கமும் முட்டாளாகவோ கெட்டவராகவோ காட்டப்படவில்லை. ஒரு விளக்கத்தைப் படித்த உடனே ஒரு பக்கம் நல்லவர்கள், மறுபக்கம் சுயநலக்காரர்கள் என்று தோன்றினால், அதை எழுதியவரின் பக்கம் எதுவென்று தெரிந்துகொண்டு அடுத்ததைத் தேடுங்கள்.

நான்காம் படி: ஒரே கோட்டில் திணிக்காமல் பிரித்து வையுங்கள்

இப்போது உங்கள் பதினைந்து பதில்களையும் இடமிருந்து வலமாக வரிசைப்படுத்தப் பாருங்கள். வரிசையில் அடங்காது. அது உங்கள் தவறு இல்லை, கோட்டின் குறை.

இந்தக் குறையைப் பலர் கவனித்திருக்கிறார்கள். 1950களில் பிரிட்டனில் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர், கம்யூனிஸ்டுகளும் ஃபாசிஸ்டுகளும் கோட்டின் எதிரெதிர் முனைகளில் இருந்தாலும் ஏதோ ஒன்றில் ஒத்துப்போகிறார்களே என்று கேட்டு, குறுக்கே இரண்டாவது அச்சு ஒன்றைப் போட்டார். தனிமனித வாழ்விலும் சந்தையிலும் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்னும் அமெரிக்காவின் லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் நோலன் 1971இல் வெளியிட்ட வரைபடத்தில் ஒரு அச்சு பொருளாதாரச் சுதந்திரம், மற்றொன்று தனிமனிதச் சுதந்திரம். இன்று இணையத்தில் நீங்கள் பார்க்கும் நான்கு கட்டப் படங்களில் பலவும் இதே யோசனையின் வாரிசுகள். ஐரோப்பியக் கட்சிகளை ஆராய்பவர்கள், பொருளாதார இடது-வலதுக்குக் குறுக்கே இன்னொரு அச்சு வைக்கிறார்கள். அதன் ஒரு முனையில் பசுமை, மாற்று வாழ்வு, தனிமனிதச் சுதந்திரம். மறுமுனையில் மரபு, அதிகாரம், தேசியம்.

எத்தனை அச்சுகள் வேண்டும்? தொடங்குபவருக்கு நான்கு போதும் என்பது என் கருத்து. பொருளாதாரம்: அரசும் சந்தையும். பண்பாடு: மரபும் மாற்றமும். அதிகாரம்: ஒழுங்கும் தனிமனிதச் சுதந்திரமும். எல்லை: நம் நாடு முதலில் என்பதும் உலகம் முழுவதும் என்பதும். உங்கள் பதில்களை இந்த நான்கு தலைப்புகளின் கீழ் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஒரு கோடு வரைந்து உங்கள் இடத்தைப் புள்ளி வையுங்கள்.

சிலருக்கு இதிலும் அடங்காத ஒன்று மிஞ்சும். சீமோர் மார்ட்டின் லிப்செட்டும் ஸ்டெய்ன் ரொக்கானும் 1967இல் ஐரோப்பியக் கட்சிகள் எந்தப் பிளவுகளிலிருந்து முளைத்தன என்று பட்டியலிட்டார்கள்: மையமும் விளிம்பும், அரசும் தேவாலயமும், நிலமும் தொழிலும், முதலாளியும் தொழிலாளியும். இதில் கடைசிப் பிளவு மட்டும்தான் நாம் வழக்கமாகச் சொல்லும் இடது-வலது. தலைநகரின் மொழியும் ஆட்சியும் தங்களை விழுங்கிவிடும் என்று அஞ்சும் பிராந்தியத்தில் பிறந்தவருக்கு முதல் பிளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பிரிட்டனின் ஸ்காட்லாந்திலும் ஸ்பெயினின் கேட்டலோனியாவிலும் இன்றும் வாக்குகள் அப்படிப் பிரிகின்றன. உங்கள் அரசியலின் உயிர்நாடி அதுதான் என்றால், ஐந்தாவது கோடு போட்டு அதற்குத் தனி இடம் கொடுங்கள்.

ஐந்தாம் படி: இணையச் சோதனைகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் இந்தத் தாளுக்குப் பிறகு

‘பொலிட்டிகல் காம்பஸ்’ போன்ற சோதனைகள் 2001 முதல் இணையத்தில் இருக்கின்றன. செய்து பார்ப்பதில் தவறே இல்லை, சுவாரசியமாகவும் இருக்கும். ஆனால் அவற்றின் முடிவை அப்படியே நம்ப வேண்டாம்.

ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ‘ஒத்துக்கொள்கிறேன் / ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் கேட்டால், மனிதர்கள் ஒத்துக்கொள்ளும் பக்கமே சாய்வார்கள். கருத்துக் கணிப்பு நடத்துபவர்களுக்கு நன்கு தெரிந்த சிக்கல் இது. எல்லா வாக்கியங்களும் ஒரே தொனியில் எழுதப்பட்டிருந்தால் புள்ளியும் அந்தத் திசையில் நகரும். சில வாக்கியங்களில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கும். ‘வீணான அரசுச் செலவைக் குறைத்து வரியைக் குறைக்க வேண்டும்’ என்பதற்கு எதைச் சொல்வது? வீண் செலவு வேண்டாம் என்பவர் எல்லோரும் வரியைக் குறைக்கச் சொல்பவர்கள் இல்லையே. அப்புறம், பெரும்பாலான சோதனைகள் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே எடை போடுகின்றன. உங்கள் உயிரான விஷயமும் நீங்கள் ஒருநாளும் நினைத்துப் பார்க்காத விஷயமும் அங்கே சமம்.

அதனால் குறைந்தது இரண்டு வெவ்வேறு சோதனைகளை, வெவ்வேறு நாட்களில் செய்யுங்கள். முடிவுகளை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். முரண்பட்டால் எந்தக் கேள்வி உங்களை இழுத்தது என்று தேடுங்கள். புள்ளியைவிட அந்தத் தேடலில்தான் அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

ஆறாம் படி: நாட்டையும் காலத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்

‘நான் 4’ என்பதற்குத் தனியாக அர்த்தம் இல்லை. எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று சேர்த்தால்தான் அர்த்தம் வரும். வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம் என்பது அமெரிக்காவில் இடதுசாரிக் கோரிக்கை. பிரிட்டனில் 1948இல் தொழிற்கட்சி அரசு அதைக் கொண்டுவந்தது. இன்று அங்கே கன்சர்வேட்டிவ் கட்சியும் அதைக் காப்பாற்றுவோம் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்கிறது. கருத்து ஒன்றுதான், நாடு மாறியதும் அது நிற்கும் இடம் மாறிவிடுகிறது.

காலமும் அப்படியே. பெண்களுக்கு வாக்குரிமை என்பது 19ஆம் நூற்றாண்டில் மிகத் தீவிரமான கருத்து. நியூசிலாந்து 1893இல் கொடுத்தது. சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் 1971 வரை கிடைக்கவில்லை. இன்று அந்த நாடுகளில் எந்தப் பெரிய கட்சியும் அதை எதிர்க்காது. ஒரு காலத்தில் எந்தெந்தக் கருத்துகளைப் பேசினால் அரசியல்வாதி பிழைக்க முடியும் என்ற எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜோசஃப் ஓவர்டன் என்பவர் 1990களில் இதை ஒரு சட்டகமாக விளக்கியதால் ‘ஓவர்டன் ஜன்னல்’ என்று சொல்கிறார்கள். நீங்கள் அசையாமல் நின்றாலும் ஜன்னல் நகர்ந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விடுவீர்கள்.

நடுவில் புள்ளி விழுந்தவர்களுக்கு

நான்கு கோடுகளின் சராசரி 5 என்று வந்தால் உடனே ‘நான் மிதவாதி’ என்று முடிவு கட்ட வேண்டாம். எல்லாவற்றிலும் நிதானமான, இடைப்பட்ட கருத்து உள்ளவருக்கும் 5 வரும். பொருளாதாரத்தில் கடைசி இடதிலும் பண்பாட்டில் கடைசி வலதிலும் நிற்பவருக்கும் 5 வரலாம். இரண்டாமவர் மிதவாதியே இல்லை. அவருடைய கருத்துகளின் கலவையை ஏந்தி நிற்கும் கட்சி அவர் நாட்டில் இல்லாமல் இருக்கலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களைப் பற்றி ‘கொள்கை இல்லாதவர்கள்’ என்று ஏளனமாகப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கட்சிகள் கட்டிக் கொடுக்கும் மூட்டையை அப்படியே வாங்காமல் ஒவ்வொன்றாக யோசித்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

அதனால் சராசரி போடாதீர்கள். நான்கு புள்ளிகளையும் நான்காகவே வைத்திருங்கள்.

ஏழாம் படி: மற்றவர்களின் இடத்தை ஊகிக்காமல் கேளுங்கள்

உங்கள் இடம் தெரிந்ததும் அடுத்து வரும் ஆசை, நண்பர்களை எல்லாம் அந்தப் படத்தில் குத்திவைப்பது. இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். ஒருவர் ஒரு விஷயத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்து மீதி பதினான்கையும் நாமே நிரப்பிவிடுகிறோம்.

எதிர்த்தரப்பைப் பற்றிய நம் ஊகங்கள் எவ்வளவு தப்பும் என்பதற்கு, அமெரிக்க அரசியல் அறிஞர்கள் டக்ளஸ் ஆலரும் கௌரவ் சூதும் 2018இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. குடியரசுக் கட்சியினரில் எத்தனை பேர் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். 38 சதவீதம் என்பது மக்களின் சராசரி ஊகம். உண்மை 2 சதவீதத்தை ஒட்டியது. ஜனநாயகக் கட்சியினரில் தன்பாலின, இருபாலின ஈர்ப்பாளர்கள் எத்தனை பேர் என்றதற்கு ஊகம் 32 சதவீதம், உண்மை சுமார் 6. ஒரு கட்சியின் பெயரைக் கேட்டதும் நம் மனதில் வரும் முகம் அந்தக் கட்சியின் சாதாரண ஆதரவாளரின் முகமே இல்லை.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘நீ வலதுசாரியா?’ என்றால் எதிரில் இருப்பவர் கவசம் போட்டுக்கொள்வார். ‘மருத்துவச் செலவை யார் ஏற்க வேண்டும்னு நினைக்கிறீங்க, ஏன்?’ என்றால் பேசுவார். பதிலைக் கேட்டபின், அவர் சொன்னதை உங்கள் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லி, ‘சரியாகப் புரிந்துகொண்டேனா?’ என்று கேளுங்கள். அவர் ‘ஆமாம்’ என்று சொன்ன பிறகு படத்தில் புள்ளி வையுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். வாக்குச்சீட்டு ரகசியமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில இடங்களில் அரசியல் நிலை வெளியே தெரிந்தால் வேலை போகும், உறவு போகும், அதைவிட மோசமானதும் நடக்கும்.

ஒரு குழு எங்கே நிற்கிறது என்று அறிய

பலர் சேர்ந்து பேசும் குழுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், பேச்சின் சத்தத்தை வைத்து அளக்காதீர்கள். அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்தும் வயதுவந்தோரை 2019இல் ஆராய்ந்த பியூ ஆய்வு மையம், அவர்கள் எழுதும் பதிவுகளில் 80 சதவீதம் வெறும் 10 சதவீதப் பயனர்களிடமிருந்து வருவதாகக் கண்டது. அதிகம் எழுதுபவர்களின் நிறமே குழுவின் நிறமாகத் தெரியும். பேசாதவர்களும் அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயர் கேட்காத கணக்கெடுப்பு ஒன்றுதான் ஓரளவு நேர்மையான வழி. 0 இடது, 10 வலது என்றால் உங்களை எங்கே வைப்பீர்கள் என்று ஒரு கேள்வி. ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பும் இதே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறது. கூடவே, மேலே சொன்ன நான்கு தலைப்புகளிலும் ஒவ்வொரு தெளிவான கேள்வி. ‘தெரியவில்லை’, ‘சொல்ல விருப்பமில்லை’ என்ற இரண்டு கட்டங்களும் இருக்க வேண்டும். முடிவை அறிவிக்கும்போது சராசரியை மட்டும் சொல்லாமல், ஒவ்வொரு எண்ணிலும் எத்தனை பேர் என்று முழுதாகக் காட்டுங்கள். பாதிப் பேர் 1, பாதிப் பேர் 9 என்று இருக்கும் குழுவின் சராசரியும் 5தான். அங்கே 5இல் ஒருவர்கூட இருக்க மாட்டார். எத்தனை பேரில் எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக: பட்டம்

இப்போது உங்கள் தாளை எடுத்து, நான்கு புள்ளிகளையும் மிக முக்கியம் என்று குறித்த இரண்டு பிரச்சினைகளையும் பாருங்கள். அவற்றிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். உதாரணத்துக்கு, ‘பொருளாதாரத்தில் இடதுபக்கம், குடும்ப மரபுகளில் கொஞ்சம் வலதுபக்கம், அரசின் கண்காணிப்பைக் கடுமையாக எதிர்ப்பவர், வாக்களிக்கும்போது முதலில் பார்ப்பது மருத்துவமும் கல்வியும்.’ சமூக ஜனநாயகம், தாராளவாதம், பழமைவாதம், லிபர்டேரியனிசம், பொதுவுடைமை என்ற பெயர்களைப் பற்றி இப்போது படியுங்கள். எதாவது ஒன்று உங்கள் வாக்கியத்துக்கு நெருக்கமாக இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் வாக்கியமே போதும், யாராவது கேட்டால் அதையே சொல்லலாம்.

தாளின் மூலையில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். அடுத்த பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பழைய தாளைப் பார்க்காமல் புதுத் தாளில் முதல் இரண்டு படிகளை மறுபடி செய்துவிட்டு, அதற்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறிய ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே, எது மாற்றியது என்று எழுதுங்கள்: புதிதாகத் தெரிந்த தகவலா, வாழ்க்கை நிலையா, அல்லது சுற்றி இருப்பவர்களா.